அவனை மன்னித்தது சரியா? வாசகர் கேள்வி - பதில்

சென்ற மாதம் எல்லோரும் ஒரே காதல் நாவலைப் படித்துவிட்டு எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி ஹீரோவைத் திட்டி வந்தவை, மீதி அவனுக்கு வக்காலத்து வாங்கி வந்தவை. எல்லாவற்றையும் போட இடமில்லை, சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். ஹீரோயின் ஒரு பிசியோதெரபிஸ்ட். ஆறு வருடங்களுக்கு முன் அவளைக் காதலித்தவன், வீட்டில் எதிர்ப்பு கிளம்பியதும் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு ஒதுங்கிப் போய்விடுகிறான். இப்போது அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்து கிடக்க, தினமும் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க வருகிறவள் அவள்தான். ஒரு அத்தியாயத்தை அவள் சொல்கிறாள், அடுத்ததை அவன் சொல்கிறான். கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள். முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபப்பட வேண்டாம், அதைப் பற்றியே ஒரு கேள்வி வந்திருக்கிறது.

கேள்வி: ஒரு மெசேஜில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு போனவனை ஒரு பெண் எப்படி மன்னிக்க முடியும்? ஆறு வருடம் அவள் பட்டதற்கு என்ன பதில்? பெண் என்றால் மன்னித்தே ஆக வேண்டும் என்று எழுத்தாளர் நினைக்கிறாரா? (ஒரு வாசகி)

உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் வர வேண்டும் என்றுதான் முதல் அத்தியாயத்திலேயே அந்த மெசேஜை முழுசாகக் கொடுத்திருக்கிறார் எழுத்தாளர். "என்னால் முடியவில்லை, என்னைத் தேடாதே" என்ற இரண்டு வரியைப் படித்துவிட்டு அவனைப் பிடித்துப்போனவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆனால் அவள் எதை மன்னித்தாள் என்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். முதல் வாரமே அவன் வாசலில் வழிமறித்து "சாரி" சொல்கிறான். அவள் காதிலேயே வாங்காமல், "நாளைக்கு நான் வருவதற்கு முன்னால் அப்பாவுக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்துவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். அதற்கப்புறம் நாவலின் கடைசிப் பகுதி வரை அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதே இல்லை. பதிலாக ஒரு காட்சி வருகிறது, நான் திரும்பத் திரும்பப் படித்த காட்சி. நன்றாக இருக்கும் இடது கையை ஒரு கையுறைக்குள் போட்டுக் கட்டிவிட்டு, செயலிழந்த வலது கையாலேயே சட்டைப் பட்டனைப் போட வைக்கிறாள் அவள். பக்கவாத நோயாளிகளுக்கு நிஜமாகவே கொடுக்கும் பயிற்சிதான் இது. நல்ல கை சும்மா இருந்தால்தான் மற்ற கை வேலை செய்யப் பழகும். பெரியவருக்கு விரல் வழுக்குகிறது, ஆத்திரத்தில் எல்லோரையும் திட்டுகிறார். ஒருநாள் அவள் சீக்கிரம் வந்துவிடுகிறாள். பார்த்தால், மகன் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, தன் இடது கையைத் தொடைக்குக் கீழே அழுத்தி வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் தன் சட்டைப் பட்டனைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருக்கிறான். தினமும் செய்திருக்கிறான், யாரிடமும் சொன்னதில்லை. கஷ்டம் வந்ததும் எழுந்து ஓடியவன் இப்போது ஓடாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிவது அங்கேதான்.

இது பழைய உத்தி, நல்ல உத்தி. 1813-இல் வந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், பாதிக் கதையில் ஹீரோ காதலைச் சொல்லி அவமானப்பட்டுத் திரும்புகிறான். பிறகு நாயகியின் தங்கை மானம் போகாமல் காப்பாற்றுகிறான், அதையும் நாயகிக்குத் தெரியாமல் செய்கிறான். வேறொருவர் வாய் தவறிச் சொல்லித்தான் அவளுக்கு விஷயம் தெரிகிறது. மாறிவிட்டேன் என்று அவனே சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருக்க மாட்டாள், நாமும் நம்பியிருக்க மாட்டோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் முழுக்க உங்கள் கட்சி. இவர்களைப் பிரித்துவைத்த அவன் அம்மா கடைசிவரை அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. கடைசி அத்தியாயத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார், அத்தோடு சரி. அந்த அம்மாவுக்கும் மகனுக்குக் கொடுத்த அளவு வேலை கொடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: சேர்ந்துவிடுவார்கள் என்று அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. தெரிந்த முடிவுக்கு எதற்கு நானூறு பக்கம்? (ஒரு கல்லூரி மாணவர்)

அமெரிக்காவில் 1980-இல் தொடங்கிய ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இந்த வகை நாவலுக்கு இரண்டே இரண்டு விஷயங்களைத்தான் இலக்கணமாகச் சொன்னது. காதல் கதை மையமாக இருக்க வேண்டும், முடிவு மனசுக்கு நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். துப்பறியும் கதையில் கொலைகாரன் மாட்டுவான் என்று தெரிந்தேதானே படிக்கிறோம், இதுவும் அப்படித்தான். வாசகர் பணம் கொடுத்து வாங்குவதே அந்த உறுதியைத்தான்.

ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர், காதல் நாவல்களை விடாமல் படிக்கும் பெண்களிடம் உட்கார்ந்து பேசி 1984-இல் ஒரு புத்தகம் எழுதினார். முடிவு நல்லபடியாக இருக்கிறதா என்று கடைசிப் பக்கங்களை முதலிலேயே பார்த்துவிட்டு அப்புறம் முதல் பக்கத்துக்கு வருகிறவர்களை அதில் பார்க்கலாம். வீட்டில் எல்லோரையும் கவனித்துக்கொள்ளும் அந்தப் பெண்கள், படிக்கும் நேரம் ஒன்றுதான் தங்களுக்கே தங்களுக்கான நேரம் என்று சொன்னார்கள். அந்த நேரத்தில் நடுவில் எவ்வளவு அழ வைத்தாலும் தாங்கிக்கொள்ளலாம், கடைசியில் கைவிட்டுவிடக் கூடாது என்பது நியாயமான எதிர்பார்ப்பு. முடிவு தெரிந்திருப்பதால் கவனம் முழுக்க 'எப்படி' என்பதற்குப் போகிறது. அந்த 'எப்படி' உங்களுக்குச் சப்பென்று இருந்தால் அதைக் குறையாகச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

கேள்வி: யார் பேசுகிறார் என்று அடிக்கடி குழம்பினேன். எனக்கு மட்டும்தானா? (ஒரு வாசகர்)

இல்லை, பலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பேச்சுநடை கொடுத்துவிட்டார். அவள் பிசியோதெரபி படித்தவள், உடம்பைப் பற்றி அவள் யோசிக்கும்போது மட்டும் குரல் தனியாகத் தெரிகிறது. மற்ற இடங்களில் அத்தியாயத் தலைப்பைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: கடைசி நூறு பக்கத்தில் அவனை வேறு ஒரு பெண்ணோடு பார்த்துவிட்டு இவளாக ஏதோ நினைத்துக்கொண்டு பேசாமல் போகிறாளே, அது எரிச்சலாக இருந்தது. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் அரைப் பக்கத்தில் முடிந்திருக்குமே! (ஒரு வாசகி)

கை கொடுங்கள். இந்த நாவலின் பெரிய பலவீனம் இதுதான், இதைச் சொல்லாத ரசிகர் கடிதங்களைப் படித்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

காதல் கதைக்குத் தடை வேண்டும், மறுக்கவில்லை. பமீலா ரெஜிஸ் என்பவர் 2003-இல் எழுதிய புத்தகத்தில் காதல் நாவலுக்கு எட்டு அங்கங்கள் சொல்கிறார், அதில் தடையும் ஒன்று, இனி சேரவே மாட்டார்கள் என்று தோன்றும் மரணத்துக்கு ஒப்பான ஒரு கட்டமும் ஒன்று. ஆனால் அந்தத் தடை அந்த இரண்டு பேரின் குணத்திலிருந்து வர வேண்டும். நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, எதைச் செய்தால் அதிகமாகிறது" என்று குடைந்து குடைந்து கேட்கிற பெண், தன் வாழ்க்கை விஷயத்தில் மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் போவாளா? முன்னூறு பக்கம் அவளை அறிவுள்ளவளாகக் காட்டிவிட்டு, கதைக்குத் தேவைப்படுகிறது என்பதற்காக அவள் அறிவைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். கூட இருந்த பெண் அவன் அப்பாவின் டாக்டராம், அதைச் சொல்லவே இத்தனை பக்கம்.

வள்ளுவர் இதற்கு அளவே சொல்லியிருக்கிறார்: "உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்." ஊடல் உப்பு மாதிரி, அளவோடு இருந்தால் ருசி, நீள விட்டால் உப்பு கூடிப்போன மாதிரி. இவர் நீள விட்டுவிட்டார்.

உண்மையான தடை கதைக்குள்ளேயே இருந்தது. நெருக்கடி வந்தால் இவன் மறுபடி வாயடைத்துப் போய்விடுவானோ என்பதுதான் அவளுடைய பயம். அப்பாவுக்கு மறுபடி உடம்பு முடியாமல் போய், அம்மா மறுபடி மிரட்டி, அவன் இரண்டு நாள் பதில் பேசாமல் இருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவள் ஒதுங்கிப் போனால் ஒருத்தரும் எரிச்சல்பட்டிருக்க மாட்டோம், நெஞ்சு பதறியிருக்கும்.

கேள்வி: ஹீரோ பொசசிவாக இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. அவள் போனை வாங்கி மெசேஜ்களைப் பார்க்கும் இடம் செம க்யூட்! உங்களுக்குப் பிடித்ததா? (ஒரு கல்லூரி மாணவி)

பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

அந்த இடத்தில் உங்களுக்குப் பயம் வராததற்குக் காரணம், அதற்கு முந்தின அத்தியாயம் அவன் சொன்னது. அவன் மனசுக்குள் போய் வந்துவிட்டோம். அவளை மறுபடி இழந்துவிடுவோமோ என்று அவன் தவிப்பதைப் படித்துவிட்டோம், அவன் கெட்டவன் இல்லை என்று நமக்கு உறுதியாகத் தெரியும். நிஜத்தில் உங்கள் போனை வாங்கிப் பார்க்கிறவன் மனசுக்குள் போய்ப் பார்க்க உங்களுக்கு ஓர் அத்தியாயமும் கிடைக்காது. உங்களுக்குத் தெரிவது அவன் செய்கிற காரியம் மட்டும்தான், அந்தக் காரியம் உங்களைக் கண்காணிப்பது.

கதையில் பொறாமையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பொறாமைப்படுகிற ஹீரோவை எழுதலாம், தப்பு செய்கிற ஹீரோவையும் எழுதலாம். மெசேஜ் அனுப்பிவிட்டு ஓடியதைத் தப்பு என்று காட்டத் தெரிந்த எழுத்தாளர், போனைப் பிடுங்குவதை அன்பு என்று காட்டிவிட்டுப் போகிறார். அவளும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுகிறாள். அவள் "கொடு" என்று கையை நீட்டியிருந்தால், அவன் முகம் சிவந்து திருப்பிக் கொடுத்திருந்தால், அந்தக் காட்சி இன்னும் அழகாக இருந்திருக்கும். நீங்கள் தேடுகிற அந்தத் தவிப்பும் அதில் இருந்திருக்கும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். நாவல் பிடித்துப்போய் ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் யாராவது வந்தால் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். பெண்கள் படிக்கிற சமாச்சாரம் என்கிறார்களே?

ஐயா, தாராளமாக நிமிர்த்தி வையுங்கள். உங்களுக்குத் தெரியாதது இல்லை, குறுந்தொகை முழுக்கக் காதல்தான், நானூற்றுச் சொச்சம் பாட்டு. ஆண் புலவர்களும் பாடினார்கள், பெண் புலவர்களும் பாடினார்கள், தலைவிக்கும் தோழிக்கும் ஆண் புலவர்கள்தான் எத்தனை அருமையாகக் குரல் கொடுத்திருக்கிறார்கள்! குறளில் காமத்துப்பாலுக்கு மட்டும் இருபத்தைந்து அதிகாரம். அதையெல்லாம் வகுப்பில் பெருமையாக நடத்திவிட்டு, அதே காத்திருப்பையும் பிரிவையும் இன்றைய ஆள் இன்றைய உரைநடையில் எழுதினால் ஏன் மட்டம் என்கிறோம் என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். எல்லாக் காதல் நாவலும் குறுந்தொகை ஆகிவிடாது, சரி. மோசமான நாவலை மோசம் என்று சொல்வோம். காதலைப் பற்றியது என்பதாலேயே மோசம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் அந்த அப்பா பாத்திரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள், தனக்கே தன் கை அந்நியமாகிப் போன மனிதரின் கோபம் என்று. வந்த கடிதங்களில் அதை இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்தது நீங்கள்தான். தொடர்ந்து எழுதுங்கள்.

கேள்வி: பாதியில் மூடிவைத்துவிட்டேன், பிடிக்கவில்லை என்று இணையத்தில் எழுதினேன். முழுசாகப் படிக்காமல் கருத்து சொல்லாதே என்று ரசிகர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். நான் செய்தது தப்பா? (ஒரு வாசகி)

தப்பே இல்லை. எந்த இடத்தில் மூடினீர்கள், ஏன் மூடினீர்கள் என்று சேர்த்து எழுதிவிடுங்கள், அது போதும். "அவன் போனைப் பிடுங்கிய இடத்தில் நிறுத்திவிட்டேன்" என்ற ஒரு வரி, "சூப்பர், அருமை" என்ற பத்து வரியைவிட அடுத்தவருக்கு உதவும். முடிவைப் பற்றி மட்டும் சொல்லாதீர்கள், அதை நீங்கள் படிக்கவில்லை. எழுத்தாளரையும் தனிப்பட்ட முறையில் தாக்காதீர்கள். ரசிகர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: உங்களுக்குப் பிடித்த புத்தகம் இன்னொருவருக்குப் பிடிக்காமல் போனதால் அந்தப் புத்தகத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது. வாசகரை மிரட்டி வாங்குகிற பாராட்டு அந்த எழுத்தாளருக்கு எதற்கு?

கேள்வி: இரண்டாம் பாகம் வருமா? (பலர்)

இவர்கள் கதை முடிந்துவிட்டது, விட்டுவிடலாம். இரண்டாம் பாகம் என்று வந்தால் மறுபடி ஒரு தப்பெண்ணத்தைக் கொண்டுவந்துதான் இவர்களைப் பிரிக்க வேண்டியிருக்கும். அவன் அக்கா ஒருத்தி இருக்கிறாள் பாருங்கள், விவாகரத்துக்குப் பிறகு அதே வீட்டில் மாடியறையில் இருந்துகொண்டு, இரவில் அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள், மூன்றே காட்சியில் வந்துபோகிறாள். அவளை வைத்து ஒரு நாவல் எழுதினால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.