தூண் வேறு, மகள் வேறு

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் மாமனாரின் ஐயா கட்டிய வீடு இருக்கிறது. இப்போது ஏழு பங்கு. ஒரு பங்காளி வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) உள்ள பர்மா தேக்குத் தூண்களையும் இரண்டு கதவு நிலைகளையும் கழற்றி, காரைக்குடி பழம்பொருள் கடைக்குக் கொடுக்கப் பேசிவிட்டார். கேட்டால் ‘என் பங்கு, என் இஷ்டம்’ என்கிறார். இந்த நேரம் பார்த்து, சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் (29 வயது) வேறு சமூகத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொல்கிறாள். எங்கள் நகரத்தார் வழக்கப்படி கல்யாணத்துக்குக் கோயிலில் இருந்து மாலை வராது, கோயில் கணக்கில் குடும்பமாகச் சேர்க்கிற புள்ளி கிடையாது, ஊரில் தலைகாட்ட முடியாது. வீடும் போகிறது, வழக்கமும் போகிறது. எங்கள் கலாசாரத்தைக் காப்பாற்ற எங்களுக்கு உரிமையே இல்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உரிமை இருக்கிறது ஆச்சி. தனக்கென்று மொழி, எழுத்து, பண்பாடு உள்ள எந்தப் பிரிவு மக்களும் அதைக் காத்துக்கொள்ளலாம் என்று அரசியல் சட்டத்தின் 29-வது பிரிவு சொல்கிறது. ஆனால் நீங்கள் ஒரே கடிதத்தில் இரண்டு வழக்கைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். ஒன்றில் நான் உங்கள் பக்கம். இன்னொன்றில் உங்கள் மகள் பக்கம்.

வீட்டு விஷயம் சுலபம். பாகம் பிரிக்காத வீட்டில் ‘என் தூண்’ என்று யாரும் சொல்ல முடியாது. ஏழு பேருக்கும் எல்லாத் தூணிலும் பங்கு உண்டு. அறைகளை ஆளுக்கொன்றாக ஒதுக்கியிருப்பீர்கள், ஆனால் வளவும் முகப்பும் பொதுவாகத்தான் இருக்கும். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மற்றவர்கள் சம்மதம் இல்லாமல் கழற்றுவதற்கு சிவில் கோர்ட்டில் தடை வாங்கலாம். அவர் தன் பங்கை வெளியாருக்கு விற்று, அந்த வெளியார் பிரித்துக் கொடுக்கச் சொல்லி வழக்குப் போட்டால், கோர்ட் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கை நீங்களே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். இதற்கு 1893-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இன்னொன்று: நூறு வருஷம் தாண்டிய கட்டடத்தில் இருந்து கழற்றிய பொருள் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். விற்கிற வியாபாரிக்கு உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கடைக்காரரிடம் இதை ஞாபகப்படுத்தினாலே பாதிப் பேச்சு அடங்கும்.

ஆனால் அந்தப் பங்காளியிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? மழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டும், கரையான் பார்க்க வேண்டும், காவலுக்கு இருப்பவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் ஏழு பேரும் போடுகிறீர்களா, அல்லது ஊரில் இருக்கிற ஒருவர் தலையிலேயே விடிகிறதா? 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பெருமைதான். ஒழுகுகிற ஓட்டை மாற்ற யுனெஸ்கோ ஆள் அனுப்பாது.

சரி, மகள் விஷயம். தூணுக்கு வாய் கிடையாது, அதனால் அதற்காக நீங்கள் பேசலாம். மகள் தனக்காகத் தானே பேசுகிறாள். வயது வந்த இருவர் கல்யாணம் செய்துகொள்ளக் குடும்பமோ சமூகமோ அனுமதி தரத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. 29-வது பிரிவு உங்கள் வழக்கத்தை நீங்கள் நடத்திக்கொள்ளத் தருகிற உரிமை. அவளைக் கட்டிப்போட அதில் கயிறு இல்லை.

வழக்கத்தைக் காக்கிறோம் என்ற பிடிவாதம் வழக்கத்தையே நிறுத்திவிடுவதும் உண்டு. உங்களுக்குப் பக்கத்தில், தேவகோட்டையை ஒட்டிய கண்டதேவியைப் பாருங்கள். யார் வடம் பிடிப்பது என்ற தகராறில் எத்தனையோ வருஷம் தேரே ஓடவில்லை. 2024 ஜூனில்தான் ஓடியது.

கோயில் மாலையும் புள்ளியும் கோயிலைச் சேர்ந்தவர்கள் முடிவு செய்கிற விஷயம், அதில் நான் தலையிட முடியாது. அது உங்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதும் தெரிகிறது. புள்ளி என்றால் வரிக் கணக்கு மட்டுமா, இன்னாருடைய பிள்ளை இன்ன கோயில் என்று பேர் சொல்கிற இடம் அல்லவா? மகளிடம் இதை ஒருமுறை உட்கார்ந்து சொல்லுங்கள், மிரட்டலாக இல்லாமல் வருத்தமாகவே சொல்லுங்கள். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்தே அவள் முடிவெடுக்கட்டும். அதற்குமேல் அவள் பாடு.

உங்கள் சமூகத்தின் வழக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘வேறு வைப்பது’. கல்யாணம் ஆன பிள்ளைக்கு அதே வீட்டில் தனி அறை, தனி அடுப்பு, வருஷத்துக்கு இவ்வளவு என்று படி. ஒரே கூரைக்குக் கீழே, ஆனால் அவரவர் குடித்தனம் அவரவர் கையில். மருமகள் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மாமியார் எட்டிப் பார்க்கக் கூடாது. (பார்த்தவர்களும் உண்டு, அது வேறு கதை.) இவ்வளவு நாகரிகமான ஏற்பாட்டைக் கண்டுபிடித்த வீட்டில், பெண் தன் துணையைத் தானே தேடிக்கொண்டாள் என்பதற்காகக் கதவைச் சாத்துவதா?

அப்புறம், நீங்கள் காக்க வேண்டியது நிறையவே உங்கள் கையில் இருக்கிறது. பிள்ளையார் நோன்பை எடுத்துக்கொள்ளுங்கள். திரி இழை சேர்த்து, இழைமாவு பிசைந்து, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிற பக்குவம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். இந்த வருஷம் நோன்புக்கு இருவரையும் வரச் சொல்லுங்கள். அந்தப் பையன் முதல்முறை இழை எடுக்கும்போது பயப்படுவான், நீங்கள்தான் தைரியம் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு சட்ட விஷயம். வீடு பூர்வீகச் சொத்தாக இருந்தால் உங்கள் மகளும் பங்குக்காரிதான். மகள்களுக்குச் சம பங்கைத் தமிழ்நாடு 1989-லேயே கொடுத்துவிட்டது, 2005-இல் நாடு முழுவதும் வந்தது. யாரைக் கட்டிக்கொண்டாலும் அந்தப் பங்கு போகாது. அதனால் பங்காளிகளைக் கூட்டும்போது அவளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். சம்பாதிக்கிற பெண், மராமத்துக் கணக்கில் ஒரு பங்கை அவள் ஏற்றுக்கொண்டால் தூண் விற்கிற பேச்சே எழாமல் போகலாம். அந்தக் கூட்டத்துக்கு நாள் குறிப்பதற்குள் கழற்ற ஆள் வந்துவிட்டால் மட்டும், யாருக்கும் காத்திருக்காமல் வக்கீல் நோட்டீசை அனுப்பிவிடுங்கள்.