ஓடைக்குக் குறுக்கே வேலி போடலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் ஓடை ஒரு தோட்டத்துக்கு நடுவே போகிறது. தோட்டத்தைப் புதிதாக வாங்கிய வெளியூர்க்காரர் ஓடைக்குக் குறுக்கேயே கம்பிவேலி போட்டுவிட்டார். ஆட்டுக்குத் தண்ணி காட்டக்கூட வழியில்லை. "ரெண்டு கரையும் என் பட்டா, நடுவுல இருக்கறதும் என்னுதுதான்" என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகர், உடுமலை வட்டம்

பதில்: தம்பி, முதலில் எஃப்.எம்.பி. ஸ்கெட்சையும் (நிலத்தின் அளவு வரைபடம்) 'அ' பதிவேட்டையும் (எந்த சர்வே எண் யாருடையது என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு) கையில் எடுங்கள். இரண்டும் அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்திலேயே கிடைக்கும். நான் சர்வேயராகச் சங்கிலி பிடித்தவரை, ஓரளவு பெரிய ஓடைக்குத் தனி சர்வே எண் இல்லாமல் இருப்பது அபூர்வம். அவர் பத்திரத்தில் 112/1, 112/3 என்று இருந்தால், 112/2 யாருடையது என்று பாருங்கள். பதிவேட்டில் 'ஓடை புறம்போக்கு' என்றிருந்தால் அது சர்க்கார் நிலம். இரு கரையும் ஒருவர் கையில் இருப்பதால் மாறிவிடாது. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், 2-ஆம் பிரிவு, ஓடைப் படுகை அரசுடையது என்கிறது. அந்த உடைமையும் பொதுமக்களின் வழியுரிமைக்கு உட்பட்டதுதான் என்று அதே பிரிவு சொல்வதைப் பலர் படிப்பதே இல்லை. தாசில்தார் 7-ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து, 6-ஆம் பிரிவில் வேலியை அகற்றலாம். சங்கராபுரம் வட்டத்து ஓடை புறம்போக்கு ஆக்கிரமிப்பு பற்றி 2005-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த எல். கிருஷ்ணன் வழக்கை மனுவில் குறிப்பிடுங்கள்.

ஆனால் ஓடை பொது என்பதற்காக அவர் தோட்டத்து வரப்பில் நடக்க உரிமை வந்துவிடாது. ஸ்கெட்சில் வண்டிப்பாதை இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால், 20 வருடம் தடையின்றி, உரிமையோடு புழங்கிய தடம் என்று 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டப்படி (அடுத்தவர் நிலத்தைப் புழங்கும் உரிமை பற்றிய சட்டம்) சிவில் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அது இழுக்கும். ஆகவே ரோட்டில் ஓடை குறுக்கிடும் பாலத்தடியில் இறங்கி, புறம்போக்குப் படுகை வழியாகவே ஆட்டை ஓட்டிப் போங்கள்.

ஒருவேளை ஓடை அவர் பட்டாவுக்குள்ளேயே இருந்தாலும் நீரோட்டத்தை மறிக்க அவருக்கு உரிமையில்லை. மழைவெள்ளத்தில் முள்ளும் சருகும் கம்பியில் சிக்கினால் அந்த வேலியே அணையாகி, மேல்தோட்டத்தில் தண்ணீர் ஏறும். அந்தத் தோட்டத்துக்காரரையும் மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வெறும் ஆட்டுக்காரர் மனு என்று ஒதுக்குவது அப்புறம் கஷ்டம்.

வேலியை நீங்களே வெட்டிவிடாதீர்கள், கேஸ் உங்கள் மேல் திரும்பும். தாசில்தாரிடம் ஒரு மனு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு மனு. இரண்டிலும் ஸ்கெட்ச் நகலை இணைத்து, ரசீது வாங்காமல் வராதீர்கள்.