அந்த டெவலப்மென்ட் வேலையைத் தள்ளிவிடாதீர்கள், தம்பி

தம்பி, கலை நிர்வாகத்தில் முதுகலை முடித்துவிட்டு ஓபிடியில், அதாவது படிப்பு முடிந்தபின் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கத் தரும் அனுமதியில், இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என்றாவது ஒரு நாள் அமெரிக்காவில் ஓர் இசை அமைப்பைத் தலைமையேற்று நடத்த வேண்டும் என்பது உங்கள் ஆசை. கையில் இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன: ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் டெவலப்மென்ட் உதவியாளர், ஒரு ரெக்கார்டு கம்பெனியில் கலைஞர்களோடு பழகும் வேலை. முதலாவது நன்கொடை கேட்கிற வேலையாயிற்றே, நமக்கு ஒத்துவருமா என்று தயங்குகிறீர்கள். விசாவில் இருப்பவர் கலைக்காகச் சட்டமன்ற உறுப்பினர்களைப் போய்ப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தத் துறையிலேயே தலை நரைத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், ஆர்க்கெஸ்ட்ரா வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இந்த நாட்டில் கலைக்குப் பணம் வரும் விதம். என்.இ.ஏ. என்கிற தேசியக் கலை நிதியத்துக்கு 2024-இல் முழு நாட்டுக்குமாகக் கிடைத்ததே 20.7 கோடி டாலர்தான். அதன் மானியப் பணத்திலும் 40 சதவீதம் மாநில, வட்டாரக் கலை அமைப்புகளுக்குப் பிரிந்து போகிறது. அந்தக் கொஞ்சத்தையும் நம்ப முடியாது. 2025 மே மாதத்தில், ஏற்கெனவே அறிவித்த மானியங்களே ரத்து என்று பல அமைப்புகளுக்கு மின்னஞ்சல் வந்தது. பல ஆர்க்கெஸ்ட்ராக்களில் டிக்கெட் வருமானம் செலவில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. மீதியைத் தனிமனிதர்களும் அறக்கட்டளைகளும்தான் தாங்குகிறார்கள். அதனால் போர்டு, அதாவது அமைப்பின் நிர்வாகக் குழு, ஒரு தலைவரைத் தேடும்போது, இசை ஞானத்துக்குச் சமமாகப் பார்ப்பது ஒன்று உண்டு: இவரை நம்பி ஊர் பணம் கொடுக்குமா?

நுழைந்தவுடன் உங்களை யாரும் கோடீஸ்வரரின் வீட்டுக்கு அனுப்பப்போவதில்லை. முதல் வருடம் பெரும்பாலும் நன்றிக் கடிதமும் டேட்டாபேஸும்தான். ஆனால் அந்தக் கடிதத்தில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவர் வரிக்கழிவு கேட்க வேண்டுமானால், அமைப்பிடமிருந்து எழுத்துபூர்வமான ரசீது வேண்டும். பதிலுக்கு அவருக்கு ஏதாவது கொடுத்தோமா, இல்லையா என்பதையும் அதில் சொல்ல வேண்டும். காலா என்கிற நிதி திரட்டும் விருந்துக்கு 500 டாலர் கொடுத்தவர் 150 டாலர் மதிப்புள்ள சாப்பாடு சாப்பிட்டிருந்தால், 350 டாலருக்குத்தான் வரிக்கழிவு. அதைப் பிசகாமல் எழுதி, பெயரைச் சரியாகப் போட்டு, அவர் பேத்தி இளையோர் இசைக்குழுவில் வயலின் வாசிக்கிறாள் என்பதை நினைவில் வைத்து ஒரு வரி சேர்ப்பவரை போர்டு உறுப்பினர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். யார் எதற்காகக் கொடுக்கிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள் என்பது உங்களுக்கும் பிடிபடும். சொந்தபந்தம், பள்ளித் தோழர்கள் என்று எந்தத் தொடர்பும் இல்லாமல் வந்திறங்கிய நமக்கு, ஓர் ஊரில் யார் யாரோடு எப்படி இணைந்திருக்கிறார்கள் என்று புரிய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ரெக்கார்டு கம்பெனியைக் குறைத்துச் சொல்லவில்லை. வணிக இசையும் லாபநோக்கற்ற அமைப்புகளும் இங்கே பின்னிப் பிணைந்தவை. கிராமி விருது வழங்கும் ரெக்கார்டிங் அகாடமி லாபநோக்கற்ற அமைப்பு. நோய், வறுமை என்று தவிக்கும் இசைத்துறையினருக்கு உதவ அது 1989-இல் தொடங்கியதுதான் மியூசிகேர்ஸ். டிஜிட்டல் வானொலியில் பாட்டு ஒலித்தால் பாடகருக்கு ராயல்டி வாங்கித் தரும் சவுண்ட்எக்ஸ்சேஞ்சும் லாபநோக்கற்றதே. இரண்டு பக்கத்துக்கும் போய்வந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் கம்பெனிப் பக்கமிருந்து ஓர் ஆர்க்கெஸ்ட்ராவின் தலைமைக்கு வருகிறவர்களும் நிதி திரட்டுவதைக் கற்றுத்தான் ஆக வேண்டும். அதை முதலிலேயே கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன்.

விசா விஷயத்தை நேராகவே சொல்கிறேன். கலை நிர்வாகப் பட்டத்துக்குப் பொதுவாக ஸ்டெம் நீட்டிப்பு, அதாவது அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்குத் தரும் கூடுதல் காலம், கிடையாது. ஓபிடி 12 மாதத்தோடு சரி. சாதாரண இசை அமைப்பில் வேலை என்றால் எச்1பி என்கிற வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் விழ வேண்டும். பல்கலைக்கழகம் நேரடியாக நடத்தும் அரங்கம் என்றால் குலுக்கல் இல்லை, வருட உச்சவரம்பும் இல்லை. பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கால் பெர்ஃபார்மன்சஸ், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கிரானர்ட் சென்டர் போன்றவை அந்த வகை. இவற்றிலும் டெவலப்மென்ட் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்த கையோடு இவற்றின் வேலை அறிவிப்புகளையும் பார்த்துவாருங்கள். பிறகு வெளியே மாறும்போது குலுக்கல் மறுபடி குறுக்கே வரும், அதையும் கணக்கில் வையுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கையெழுத்துப் போடுமுன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

அடுத்து நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்வி. சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்துக் கலைக்காகப் பேசக் குடியுரிமை தேவையில்லை. கோரிக்கை வைக்கும் உரிமை இங்கே வாழும் எல்லோருக்கும் பொது. செய்யக்கூடாதது ஒன்று: கிரீன் கார்டு இல்லாதவர் எந்த வேட்பாளருக்கும், எந்தத் தேர்தலுக்கும் ஒரு டாலர்கூட நன்கொடை தரக்கூடாது. வேட்பாளருக்காக நிதி திரட்டும் விருந்துக்கு டிக்கெட் வாங்குவதும் நன்கொடைதான்.

உங்கள் அமைப்புக்கும் ஒரு கோடு உண்டு. 501சி3 அமைப்பு, அதாவது நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்கும் லாபநோக்கற்ற அமைப்பு, வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடவே கூடாது. ஆனால் ஒரு மசோதாவை ஆதரித்துப் பேசலாம், அதற்கு அளவு இருக்கிறது, அவ்வளவுதான். பயந்த போர்டுகள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு வாயே திறப்பதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும். ஃபார்ம் 5768 என்று ஒரே ஒரு பக்கம். அதை நிரப்பி வரித் துறைக்குக் கொடுத்தால், அமைப்பின் நோக்கத்துக்காகச் செய்யும் செலவில் முதல் 5 லட்சம் டாலர் வரை 20 சதவீதத்தை மசோதாக்களுக்காகப் பேசச் செலவிடலாம். வருடத்துக்கு 4 லட்சம் செலவிடும் சிறிய அமைப்புக்கு 80,000 டாலர். அவ்வளவு யாருக்கும் தேவைப்படாது. மத்திய அரசின் மானியப் பணத்தை மட்டும் இதில் தொடக்கூடாது.

இதனால் பயன் உண்டா என்று கேட்டால், 2020-ஐப் பாருங்கள். கொரோனாவில் அரங்குகள் மூடிக் கிடந்தன. அதுவரை தனித்தனியே போட்டி போட்ட சிறு அரங்க உரிமையாளர்கள் நிவா என்று ஒரு சங்கமாகத் திரண்டு, தத்தம் தொகுதி உறுப்பினர்களை விடாமல் துரத்தினார்கள். அந்த டிசம்பரிலேயே மூடிய அரங்குகளுக்கு மானியம் தரும் சட்டம் வந்தது. கடைசியில் அந்தத் திட்டத்துக்கு 1,600 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கினார்கள். இன்னும் முடியாத சண்டையும் இருக்கிறது. இங்கே ஏஎம், எஃப்எம் வானொலியில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் போகும், பாடியவருக்குப் போகாது. அதை மாற்ற உங்கள் தலைமுறைதான் உட்கார்ந்து பேச வேண்டும்.

போய்ப் பார்ப்பது எப்படி என்றால், பெரும்பாலும் உறுப்பினரே கிடைக்கமாட்டார். இருபத்தைந்து வயது உதவியாளர் ஒருவர் பதினைந்து நிமிடம் தருவார். அவரைக் குறைவாக எண்ணாதீர்கள், மேலே போகும் குறிப்பை எழுதுவது அவர்தான். இசையின் மகிமையைப் பேசி நேரத்தைக் கரைக்க வேண்டாம். ஒரே தாள் கொண்டுபோங்கள்: அந்தத் தொகுதியில் எத்தனை பள்ளிகளுக்குப் போகிறோம், எத்தனை பேருக்குச் சம்பளம் தருகிறோம், எந்த மசோதாவில் எப்படி வாக்களிக்க வேண்டும். முடிந்தால் அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். பேச்சை அவர் தொடங்கட்டும், கணக்கை நீங்கள் சொல்லுங்கள். அன்று மாலையே நன்றி மடல் போய்விட வேண்டும்.

நேர்காணலுக்கு முன் ஒரு வேலை பாக்கி. லாபநோக்கற்ற அமைப்புகள் வருடாவருடம் வரித் துறைக்குக் கொடுக்கும் கணக்குதான் ஃபார்ம் 990. ஆர்க்கெஸ்ட்ராவின் கடைசி மூன்று வருடப் படிவங்களைப் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிப் படியுங்கள். எட்டாம் பகுதியில் நன்கொடை எவ்வளவு, டிக்கெட் எவ்வளவு என்று தெரியும். ஏழாம் பகுதியில் தலைவரின் சம்பளமே இருக்கும். நன்கொடை ஒரு வருடம் திடீரென்று சரிந்திருந்தால், ஏன் என்று பணிவாகக் கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லும் விதத்திலேயே அங்கே சேரலாமா என்று தெரிந்துவிடும்.