காளி கடைசியில் திருந்தினானா?

ஆபரேட்டர் பதில்கள்
(காவேரிப்பட்டணம் பக்கம் டூரிங் கொட்டாயில் படம் ஓட்டியவர், பழைய படங்களைப் பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ‘முள்ளும் மலரும்’ முடிவில் காளி தன் தங்கையை இன்ஜினீயருக்கே கொடுத்துவிடுகிறான். அவன் திருந்திவிட்டான் என்றுதானே அர்த்தம்? அப்பா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.
– கல்லூரி மாணவர், பாலக்கோடு

பதில்: நான் அப்பா பக்கம், தம்பி.

1978-ல் வந்த படம். எங்கள் கொட்டாய்க்கு வந்து சேர ரொம்ப நாளானது. எங்களிடம் இருந்தது ஒரே மெஷின். ரீல் மாற்றும்போதெல்லாம் லைட்டைப் போட்டுவிடுவோம். அந்த நேரத்தில் தரை டிக்கெட்டில் நடக்கிற பஞ்சாயத்து சில நாள் படத்தையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். காளிக்குக் கை போனதும் லைட்டைப் போட்டால், “திமிருக்குக் கிடைச்சது” என்று ஒரு கூட்டம், “பாவம்டா, தங்கச்சிய யாரு பாக்கறது” என்று ஒரு கூட்டம்.

கடைசியில் என்ன நடக்கிறது, யோசித்துப் பாருங்கள். ஊரே இன்ஜினீயர் பக்கம். பெண்டாட்டி மங்காவும் அந்தப் பக்கம்தான். வள்ளி மட்டும் எல்லாரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாள். அவனுக்கு வேண்டியதே அதுதான். தான் ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்த பிறகுதான் அவளைக் கொடுக்கிறான். கொடுக்கிறபோதும் இன்ஜினீயரைப் பார்த்து, உங்களை எனக்கு இப்பவும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். வேறு யாராவது எடுத்திருந்தால் அந்த இடத்தில் காளி கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டிருப்பான். மகேந்திரன் அதைச் செய்யவில்லை. மனசு மாறாமலே ஒருத்தன் விட்டுக்கொடுக்கலாம், அதுவும் பாசம்தான் என்று விட்டுவிட்டார்.

இது நமக்குப் புதுசா என்ன? என் பெரியப்பா சம்பந்தி வீட்டில் கடைசிவரை கை நனைக்கவில்லை. ஆனால் மாம்பழக் காலம் வந்தால் முதல் கூடை அந்த வீட்டுக்குத்தான் போகும். அவர் திருந்தினாரா என்று யாரும் கேட்டதில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. அந்தப் படத்தில் வாணி ஜெயராம் பாடிய ‘நித்தம் நித்தம் நெல்லு சோறு’ வந்தால் பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். தினமும் ராகிக் களி கிண்டிய கைகளுக்கு அந்தப் பாட்டு வேறு மாதிரிதான் கேட்டிருக்கும்.

கேள்வி: ‘உதிரிப்பூக்கள்’ சுந்தரவடிவேலுவை ஊரார் ஆற்றில் இறங்கச் சொன்னது சரிதானே? அவனுக்குப் போய் ஏன் எல்லாரும் இரக்கப்படுகிறார்கள்?
– வாசகி, ஊத்தங்கரை

பதில்: இரக்கப்பட வேண்டாம் அம்மா. கட்டினவளை அவன் படுத்திய பாட்டைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரியும். ஆனால் போகிற நேரத்தில் அவன் பேசுவதைக் கவனியுங்கள். நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன், நான் செய்த தப்பிலேயே பெரிய தப்பு அதுதான் என்கிற மாதிரி சொல்கிறான். இதைச் சொல்ல அவனுக்கு என்ன யோக்கியதை? ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவன் சொல்வது நிஜம். அயோக்கியன் வாயிலிருந்து நிஜம் வந்தால் அதை எங்கே வைப்பது என்று நமக்குத் தெரிவதில்லை.

புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளம்பி, 1979-ல் முழுக்க வேறொரு கதையாக வந்து நின்ற படம் அது. வில்லன் செத்தால் எங்கள் கொட்டாயில் விசில் காதைக் கிழிக்கும். இதற்கு ஒரு விசில்கூட வரவில்லை. ஊர்க்கூட்டம் போட்டுத் தள்ளிவைப்பதை எல்லாம் நேரில் பார்த்தவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாகத் தலையாட்டியவர்களும் இருந்திருப்பார்கள். எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

கேள்வி: பாட்டே இல்லாத சிவாஜி படம் ஒன்று உண்டாமே, ஓடியதா?
– வாசகர், ஓசூர்

பதில்: ‘அந்த நாள்’, 1954. எஸ்.பாலசந்தர் இயக்கியது. வந்த புதிதில் சரியாகப் போகவில்லை. ரொம்பப் பிற்பாடு நான் ஓட்டினேன். ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுவார். “யோவ் ஆபரேட்டர், கடைசி ரீலை முதல்ல போட்டுட்டியா” என்று கத்தினார்கள். திறமையை மதிக்காத நாட்டின் மேல் கோபம் கொண்டு ஜப்பானுக்கு உளவு சொல்கிற புருஷன், அவன் மேல் உயிரையே வைத்திருக்கிற, ஆனால் அதை ஒத்துக்கொள்ள முடியாத பெண்டாட்டி. பண்டரிபாய் அதில் கத்தி அழுததைவிட சும்மா நின்ற இடங்கள்தான் பெரிசு.

கேள்வி: எங்களுக்குத்தான் ஒகேனக்கல் தண்ணீர் வந்துவிட்டதே, ‘தண்ணீர் தண்ணீர்’ படத்தை இனிமேல் யார் பார்ப்பார்கள்?
– வாசகர், பென்னாகரம்

பதில்: கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது நல்ல காரியம். ஃப்ளோரைடு தண்ணீர் குடித்துப் பல் பழுத்த தலைமுறை நாங்கள். ஆனால் 1981-ல் கே.பாலசந்தர் எடுத்த அந்தப் படத்தில் (கோமல் சுவாமிநாதன் நாடகம் அது) எனக்குப் பிடித்த முடிச்சு வேறு. தண்ணீரில்லாத அத்திப்பட்டி கிராமத்துக்கு மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறவன் ஒரு கொலைகாரன், தலைமறைவாக வந்தவன். சட்டத்துக்கு அவன் வேண்டும், ஊருக்கும் அவன் வேண்டும். படத்தின் நாயகி செவந்தியின் புருஷனோ போலீஸ்காரன். அவள் என்ன செய்தாலும் ஒரு பக்கம் தப்பு. குழாயைத் திருப்பினால் இதெல்லாம் தீர்ந்துவிடுமா?

சரி, ஊரே சேர்ந்து கால்வாய் வெட்டப் போய், அதையும் அரசாங்கம் வந்து நிறுத்துகிறதே, அந்த இடத்தை மட்டுமாவது இன்னொரு தடவை பாருங்கள். மிச்சத்தை உங்கள் ஊர் டீக்கடையில் பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: சிவாஜி அழுவாரே, அந்தப் படத்தின் பெயர் என்ன?
– வாசகி, காரிமங்கலம்

பதில்: அவர் நடித்தது 300-க்குப் பக்கம். ஒரு பாட்டாவது சொல்லுங்கள் அம்மா.