டஸ்கனிக்கு சைக்கிளில் – கடிதம்

அன்புள்ள அக்கா,

கோவையில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வயது 47. சில வருடங்களாக ஞாயிறு காலைகளில் எங்கள் பகுதி சைக்கிள் குழுவோடு 50 கிலோமீட்டர் வரை ஓட்டுகிறேன், எல்லாம் சமவெளிதான். இத்தாலியில் டஸ்கனி மாநிலத்து ஃப்ளாரன்ஸில் தொடங்கி ஓர்வியேத்தோவில் முடிகிற ஒரு எட்டு நாள் சைக்கிள் சுற்றுலாவில் நானும் கணவரும் சேரலாம் என்று யோசிக்கிறோம். மொத்தம் 350 கிலோமீட்டர், வழிகாட்டி கூடவே வருவார், பெட்டியெல்லாம் வேனில் வந்துவிடும். குழுவில் இதைச் சொன்னதிலிருந்து ஒரே கேலி. “முன்னாடி ஒருத்தர், பின்னாடி வேன், நடுவுல நீங்க. இதுக்குப் பேரு பயணமா? ஸ்கூல் எக்ஸ்கர்ஷன்” என்கிறார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறதோ என்று உறுத்துகிறது. கணவர் அதிகம் ஓட்டாதவர், மின்சார சைக்கிள் எடுக்கப்போகிறார். என்னையும் எடுக்கச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்புறம், நாங்கள் முட்டைகூட சாப்பிடாத சைவம். பால், தயிர் உண்டு. போகலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

தாராளமாகப் போங்கள். ஆனால் பயப்படத் தேவையில்லாத விஷயத்துக்குப் பாதிக் கடிதத்தைச் செலவழித்துவிட்டு, கவலைப்பட வேண்டிய விஷயத்தைப் பாதி வரியில் தாண்டிவிட்டீர்கள். “எல்லாம் சமவெளிதான்” என்ற அந்தப் பாதி வரியைத்தான் சொல்கிறேன்.

350 கிலோமீட்டரைப் பார்த்து மிரளவேண்டாம். வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் போனால் ஆறு நாள் ஓட்டுவீர்கள், நாளுக்கு 60-க்கும் குறைவு, கிட்டத்தட்ட உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கணக்குதான். நீங்கள் கேட்டு வாங்கவேண்டிய எண் வேறு: ஒவ்வொரு நாளும் மொத்தம் எத்தனை மீட்டர் ஏறவேண்டும்? ஃப்ளாரன்ஸுக்குத் தெற்கே கியான்டி மலைப்பகுதியில் 50 கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டர் ஏறுவது சர்வசாதாரணம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறுவது போல ஒரே மூச்சில் முடிகிற ஏற்றமும் கிடையாது. இரண்டு கிலோமீட்டர் ஏறுவீர்கள், அப்பாடா என்று இறங்குவீர்கள், வேகம் முழுவதையும் அடிவாரத்து ஓடைப் பாலத்தில் தொலைத்துவிட்டு மறுபடி ஏறுவீர்கள். காலை முழுக்க இதேதான். எவ்வளவு ஏறினாலும் உயரத்துக்கு வந்து சேர்ந்த மாதிரியே இருக்காது என்பதால் கால் வலிப்பதற்கு முன்னால் பொறுமை போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே ஊர்கள் எல்லாம் மலை உச்சியில். கொள்ளைக்கும் படையெடுப்புக்கும் பயந்து மேலே கட்டினார்கள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள், அது சரிதான், கூடவே கொசுவும் ஒரு காரணம். கீழே பள்ளத்தாக்குகள் பல சதுப்பாகக் கிடந்தன, மலேரியா. மோந்தேபுல்சானோ ஊர் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதன் காலடியில் விரிகிற கியானா பள்ளத்தாக்கு சில நூற்றாண்டுகளுக்கு முன்புவரை நோய் பிடித்த நீர்ப்பரப்பு. லியொனார்தோ டா வின்சியே அந்த இடத்தைப் படமாக வரைந்து வைத்திருக்கிறார். பிறகு 18, 19-ம் நூற்றாண்டுகளில் ஃபொஸ்ஸொம்ப்ரோனி என்ற பொறியாளர் வண்டல் சுமந்து வரும் ஆறுகளைப் பள்ளத்தில் பாயவிட்டு, வண்டலைப் படியவைத்தே தரையை உயர்த்தி அதை வயலாக்கினார். டைபர் ஆற்றை நோக்கி ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை எதிர்த்திசையில் ஆர்னோவுக்குத் திருப்பிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரிய கால்வாயின் கரையில் இப்போது அரெஸ்ஸோவிலிருந்து கியூசி வரை 62 கிலோமீட்டர் சைக்கிள் பாதை இருக்கிறது. தட்டையான பாதை, உங்கள் கணவருக்கு ரொம்பப் பிடிக்கும். உங்கள் சுற்றுலா அதில் ஒரு நாளாவது போகிறதா என்று கேளுங்கள்.

சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இந்த வரலாற்றால் என்ன ஆகிறது என்றால், விடுதி மேலே இருக்கும். நாள் முழுக்க ஓட்டிக் களைத்து, தண்ணீர் தீர்ந்து, கோட்டைச் சுவர் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில்தான் அன்றைய கடைசி, பெரும்பாலும் மிகச் செங்குத்தான ஏற்றம் தொடங்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சக்தியைச் செலவழித்துவிட்டவர்கள் அங்கே இறங்கித் தள்ளுவார்கள். தள்ளுவதில் தப்பில்லை, ஆனால் பெடலில் மாட்டிக்கொள்ளும் சைக்கிள் காலணியின் அடிப்பூட்டு கல் பாவிய சந்தில் வழுக்கும், அதனால் தட்டையான பெடலும் சாதாரண ஷூவும் போதும் என்று நிறுவனத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்போதே பயிற்சியை ஆரம்பியுங்கள். ஊரைச் சுற்றி மலை இருக்கிறதே என்று நேராக மலைப்பாதைக்குப் போகவேண்டாம், விடியற்காலையில் ஆள் இல்லாத ஒரு மேம்பாலத்தைப் பிடித்து அதன் மேல் பத்து, பதினைந்து தடவை ஏறி இறங்குங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். டஸ்கனி ஏற்றத்துக்கு அதைவிட நெருக்கமான பயிற்சி சமவெளியில் கிடையாது.

வெள்ளைச் சாலைகளைப் பற்றியும் சொல்லவேண்டும், உங்கள் நிறுவனம் அதன் படத்தைத்தான் அட்டையில் போட்டிருக்கும். தார் போடாத, சுண்ணாம்புச் சரளை பரப்பிய கிராமச் சாலைகள், இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள். தார் பூசி அவற்றை அழித்துவிடுவார்களோ என்ற கவலையிலிருந்துதான் 1997-ல் கயோலே என்ற சிற்றூரில் ‘லெரோய்க்கா’ என்ற பழைய சைக்கிள் ஓட்டம் தொடங்கியது. அதில் 1987-க்கு முந்தைய காலத்து இரும்பு சைக்கிள்களில்தான் ஓட்டவேண்டும், கம்பளி சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு வருவார்கள். அது சூடு பிடித்து, 2007-லிருந்து தொழில்முறை வீரர்களுக்கும் அதே வெள்ளைச் சாலைகளில் ஒரு பந்தயம் நடக்கிறது, சியெனாவின் பெரிய சதுக்கத்தில் முடியும். படத்தில் வெல்வெட் போலத் தெரியும் அந்தச் சாலை பக்கத்தில் போய்ப் பார்த்தால் வேறு மாதிரி. நடுவில் வண்டிச் சக்கரம் அழுத்திய இரண்டு தடம் மட்டும் கெட்டியாக இருக்கும், விளிம்பில் கோலிக்குண்டு அளவு கற்கள் குவிந்திருக்கும், இறக்கத்தில் சலவைப் பலகை போல வரிவரியான மேடு, கையெல்லாம் அதிரும். எதிரே கார் வந்தால் ஒதுங்க வேண்டியது அந்தக் கோலிக்குண்டுப் பக்கம்தான். கார் போனபின் அரை நிமிடத்துக்கு எதுவும் தெரியாது, பல்லில் மாவு போல நறநறக்கும்.

அந்த இடத்தில் ஒரு விஷயம் முக்கியம். அங்கே வாடகைக்குத் தரும் சைக்கிள்களில் பெரும்பாலும் இடதுகை பிரேக் முன்சக்கரத்துக்கு, வலதுகை பின்சக்கரத்துக்கு. நம் ஊரில் பழகியது பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். தார்ச் சாலையில் இது பெரிதாகத் தெரியாது. சரளை இறக்கத்தில் பதறிப்போய், பின்சக்கரம் என்று நினைத்து முன்சக்கரத்தை இறுக்கினால் விழுவது நிச்சயம். முதல் நாள் காலை, சைக்கிளைக் கையில் கொடுத்ததும், சீட் உயரம் பார்ப்பதற்கு முன்னால் எந்தக் கை எந்தச் சக்கரம் என்று பாருங்கள். மாற்றித் தரச் சொன்னால் மெக்கானிக்கே மாற்றித் தருவார்.

சரி, எக்ஸ்கர்ஷன் கேலிக்கு வருகிறேன். உங்கள் நண்பர்கள் அல்ஃபோன்சினா ஸ்த்ராதா பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். எமிலியா பகுதியில் கூலி விவசாயிகள் வீட்டில் பிறந்தவர், 1924-ல் ஆண்களோடு ஜிரோ என்ற இத்தாலியைச் சுற்றும் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டிய பெண், அதற்கு முன்னும் பின்னும் வேறு பெண் யாரும் ஓட்டியதில்லை. அந்த வருடம் பெரிய வீரர்கள் பணத் தகராறில் ஒதுங்கிக்கொண்டதால்தான் அவருக்கு இடம் கிடைத்தது என்பதும் உண்மை. பெருஜியாவுக்குப் போகும் வழியில் அவர் சைக்கிளின் ஹேண்டில்பார் உடைந்துவிட்டது. துடைப்பக் கட்டை ஒன்றை வாங்கிச் செருகிக் கட்டிக்கொண்டு ஓட்டினார். நேர வரம்பைத் தாண்டிவிட்டார் என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் தொடர்ந்து ஓட்ட அனுமதித்தார்கள், மிலான் வரை போய்ச் சேர்ந்தார். 90 பேர் கிளம்பி 30 பேர் மட்டுமே பட்டியலில் மிஞ்சிய பந்தயம் அது. துடைப்பக் கட்டையைக் கொடுத்தவரால் அவர் ஓட்டியது ஓட்டமில்லை என்று ஆகிவிட்டதா? பின்னால் வேன் வருவதற்கும் அவ்வளவுதான் மதிப்பு, நீங்கள் மிதித்த ஏற்றத்தை அது மிதிக்கவில்லை.

எனக்கு வழிகாட்டியோடு போன அனுபவமும் உண்டு, பாதைக் கோப்பை ஃபோனில் போட்டுக்கொண்டு தனியே போன அனுபவமும் உண்டு. வழி கண்டுபிடிக்க இன்று யாருக்கும் ஆள் தேவையில்லை. சங்கிலி அறுந்தால், மழை பிடித்தால், சாப்பாட்டுக் கடை எதிர்பாராமல் மூடியிருந்தால் அப்போது ஆள் தேவை. ஃப்ளாரன்ஸை விட்டு வெளியேறும்போதே போன்தே ஆ ஏமா என்ற இடத்தை நெருங்குவீர்கள், சைக்கிள் வீரர் ஜீனோ பார்த்தாலியின் ஊர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பயிற்சிக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, யூதர்களுக்கான போலி அடையாளத் தாள்களை சைக்கிள் குழாய்க்குள் சுருட்டி வைத்து அசிசி வரை கொண்டுபோனவர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள், 2013-ல் யூதப் படுகொலைக்கான இஸ்ரேலின் நினைவகமான யாத் வஷேம் அவரை கௌரவித்தது. தனியாகப் போனால் அந்த ஊரை லாரிக்கு ஒதுங்கிய பதற்றத்தில் தாண்டிவிடுவீர்கள். ஆனால் குழுப் பயணத்தில் ஒன்று நிச்சயம் பறிபோகும், நினைத்த இடத்தில் நின்று அரை மணிநேரம் சும்மா உட்காருவது. பின்னால் வருகிற வழிகாட்டி, பாவம், அவரும் நின்றாகவேண்டும். இது உங்களை உறுத்தினால் பெட்டியை மட்டும் கொண்டுபோய் வைத்து, பாதையைக் கோப்பாகக் கொடுத்துவிடும் சுற்றுலாவும் இருக்கிறது, விலையும் குறைவு. இருந்தாலும் முதல் தடவை, அதுவும் அதிகம் ஓட்டாத கணவரோடு என்றால், வழிகாட்டியோடு போவதுதான் என் கட்சி.

மின்சார சைக்கிளை எடுங்கள். மிதிக்காமல் அது நகராது. ஐரோப்பிய விதிப்படி மோட்டார் 250 வாட்தான், மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டியதும் உதவியை நிறுத்திக்கொள்ளும், சமதரையில் அணைத்துவைத்து ஓட்டினால் உங்கள் மானமும் பத்திரமாக இருக்கும். கணவர் மட்டும் எடுத்தால் ஆறு நாளும் அவர் மேலே காபி குடித்துக்கொண்டு காத்திருப்பார், நீங்கள் மூச்சிரைக்க வந்து சேரும்போது கிளம்பலாமா என்பார். இதனால் சண்டை போட்டுக்கொண்ட தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே எச்சரிக்கை, அந்த வண்டி 20 கிலோவுக்கு மேல் எடை, பேட்டரி தீர்ந்தபின் அந்தக் கடைசி ஏற்றத்தில் அதைத் தள்ளுவது தண்டனை. காலையில் மிகக் குறைந்த உதவியில் வைத்து ஓட்டி, மாலைக்கு மிச்சம் பிடியுங்கள்.

சாப்பாடு பிரச்சினையே இல்லை, சில பொறிகள் தவிர. டஸ்கனிக்காரர்கள் பீன்ஸ் பிரியர்கள். வெள்ளை பீன்ஸை சேஜ் இலையும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து வேகவைப்பார்கள், சைக்கிள் ஓட்டுகிற சைவருக்கு அதைவிட என்ன வேண்டும். பீச்சி என்று கையால் உருட்டிய தடித்த பாஸ்தா, பெரும்பாலும் மாவும் தண்ணீரும் மட்டும்தான், பூண்டு தக்காளிக் குழம்போடு கேளுங்கள். தல்யதெல்லே மாதிரி பட்டையான புதுப் பாஸ்தாவில் முட்டை இருக்கும். ரிபொல்லீத்தா என்ற கீரை-பீன்ஸ்-ரொட்டிக் கஞ்சியில் சில வீடுகளில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். பாலாடைக்கட்டியில், பாலைத் திரிக்கச் சேர்க்கும் ரெனெட் பிரச்சினை உண்டு, வேதியியல் ஆசிரியருக்கு நான் விளக்கவேண்டியதில்லை, அந்தப் பக்கத்து செம்மறி ஆட்டுப்பால் பெகொரீனோவிலும் பெரும்பாலும் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்ததுதான். எது வரை ஏற்பது என்று நீங்களும் கணவரும் இங்கேயே பேசி முடிவெடுத்துவிடுங்கள். ரொட்டியில் உப்பே இருக்காது, நாள் முழுக்க வியர்த்த உடம்புக்கு அது போதாது, ஒரு பாக்கெட் உப்புக் கடலை எடுத்துக்கொண்டு போங்கள். கிராமங்களில் மதியம் இரண்டரைக்கு அடுப்பு அணைந்தால் இரவு ஏழரைக்கு முன்னால் எரியாது. இடையில் பசித்தால் அந்தக் கடலைதான்.

முதல் ஜிரோவை, 1909-ல், வென்றவர் லூய்ஜி கன்னா என்ற கொத்தனார். மிலானில் அவரிடம் வெற்றியைப் பற்றிக் கேட்டபோது, பின்புறம் பயங்கரமாக எரிகிறது என்றுதான் சொன்னாராம். பஞ்சு வைத்த கால்சட்டை இரண்டு வாங்குங்கள், உள்ளாடை இல்லாமல் போடவேண்டும், வெட்கப்பட்டுக்கொண்டு இதை யாரும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். முடிந்தால் உங்கள் சொந்த சீட்டைக் கழற்றி எடுத்துப் போங்கள், அங்கே இரண்டு நிமிடத்தில் மாட்டித் தருவார்கள்.

ஷெங்கன் விசாவுக்கு 6 மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கேட்கும் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கானது, அதில் சைக்கிள் ஓட்டுவதை விளையாட்டு என்று விலக்கியிருக்கிறார்களா என்று சின்ன எழுத்தைப் படியுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், வெயிலும் கூட்டமும் தாங்காது. கல்லூரி விடுமுறை மே மாதம் என்றால் அதுவே நல்ல காலம், வயலோரம் பாப்பி பூத்திருக்கும்.

பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நாள்வாரியாக எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை கிலோமீட்டர் சரளை, கடைசி ஆளோடு ஒரு வழிகாட்டி வருவாரா, வேன் பின்னாலேயே வருமா, இல்லை பெட்டியைப் போட்டுவிட்டு விடுதியில் நின்றுவிடுமா? எண்களோடு பதில் வந்தால் கட்டுங்கள். “எல்லா வயதினருக்கும் ஏற்றது” என்று மட்டும் வந்தால் வேறு நிறுவனம் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா