ஜப்பான் தட்டு, மதுரை மின்சாரம்

இசைத்தட்டு: கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: பழைய சாமான் கடையில் ஜப்பானிய எழுத்துள்ள எல்.பி. ஒன்று கிடைத்தது. கைபேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்தால் 'அகிரா இஷிகாவா', 'உகாண்டா' என்று வருகிறது. ஜப்பான்காரர் தட்டில் உகாண்டா எப்படி வந்தது? அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?
- வாசகர், சிம்மக்கல்

பதில்: லேசுப்பட்ட தட்டு இல்லை அது. இஷிகாவா ஜாஸ் டிரம்மர், 'உகாண்டா' தட்டின் பெயர். 'கவுன்ட் பஃபலோஸ்' என்ற தன் குழுவோடு 1972-ல் தோஷிபாவுக்காகப் பதிவு செய்தது. கிடார், கிமியோ மிசுதானி. ஜப்பானிய சைகடெலிக் ராக் தேடுகிறவர்கள் முதலில் தேடும் பெயர்களில் ஒன்று. மொத்தம் நாலே உருப்படிகள், எல்லாம் நீளமானவை. உகாண்டா நாட்டு இசையை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். ஆப்பிரிக்கத் தாளத்தில் மனம் பறிகொடுத்த ஜாஸ்காரர்கள் அதன்மேல் கரகரப்பான கிடாரை அவிழ்த்துவிட்ட தட்டு. கிடாரைத் துரத்தாமல் முதலில் டிரம் தாளத்தைக் கேளுங்கள். ஆப்பிரிக்கத் தாளங்களில் திசிரமும் (மூன்றாக எண்ணுவது) சதுசிரமும் (நான்காக எண்ணுவது) ஒரே நேரத்தில் ஓடுவது வழக்கம். தவிலும் உறுமியும் கேட்டு வளர்ந்த காதுக்கு அது சீக்கிரமே பிடிபடும்.

அசலா என்பதற்கு: அட்டையில் பார்கோடு இருந்தால் 1972 அச்சு இல்லை. ஜப்பானில் அந்த முறை வந்ததே 1978-ல்தான். அட்டையின் ஓரத்தில் சுற்றியிருக்கும் காகிதப் பட்டைக்கு 'ஓபி' என்று பெயர். அதில் விலையோடு வரியைப் பற்றிய குறிப்பு இருந்தால் 1989-க்குப் பிந்தையது. அங்கே நுகர்வு வரி அந்த ஏப்ரலில்தான் வந்தது. பிறகு, கடைசி வரிப்பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே பொறித்த எண் லேபிளில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். சிவப்புத் தட்டாக இருந்தால்தான் அசல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிலைமின்னில் தூசி ஒட்டாதிருக்க தோஷிபா பல தட்டுகளைச் சிவப்பில் அச்சடித்தது, எல்லாவற்றையும் அல்ல. மறுபதிப்பு என்று தெரிந்தாலும் வருந்த ஒன்றுமில்லை, கேட்பதற்கு அது போதும்.

கேள்வி: ஒசாகாவிலிருந்து மருமகன் கொண்டுவந்த, பெல்ட்டால் தட்டைச் சுற்றும் பிளேயர். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டியும் பாட்டு இழுக்கிறது. பெல்ட் மாற்றியும் பயனில்லை.
- வாசகர், திருமங்கலம்

பதில்: பெல்ட் பாவம், அதை விட்டுவிடுங்கள். மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. நமக்கு 50. ஸ்டெப்-டவுன் வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. பழைய பெல்ட் பிளேயர்களின் ஏ.சி. மோட்டார் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. ஆறு சுற்ற வேண்டிய நேரத்தில் ஐந்துதான் சுற்றும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும்; 20 நிமிடப் பக்கம் 24 நிமிடம் ஓடும்; சுருதி மூன்று சுரஸ்தானத்துக்கு மேல் இறங்கும்.

உறுதி செய்துகொள்ள, தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு ஒட்டி மூன்று நிமிடம் எண்ணுங்கள். 100 சுற்று வர வேண்டும். 83 வந்தால் ஹெர்ட்ஸ்தான். 95, 96 என்று வந்தால் பெல்ட் வழுக்குகிறது அல்லது மோட்டாருக்கு எண்ணெய் வேண்டும்.

தட்டு உட்காரும் பிளாட்டரைத் தூக்கி உள்ளே பாருங்கள். சில மாடல்களில் 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி (மோட்டாரில் பெல்ட் ஓடும் சக்கரம்) தனியாகத் திருகி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் லேத் பட்டறையில் பித்தளையில் கடையலாம். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 10 மி.மீ. புல்லிக்கு 1.2 மடங்கு, அதாவது 12 என்று சொல்லிவிட்டு வருவார்கள். தட்டு ஒரு சதவீதம் மெதுவாக ஓடும். பெல்ட்டின் தடிமனையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பெல்ட் 0.6 மி.மீ. என்றால் 10.6-ஐ 1.2-ஆல் பெருக்கி 0.6-ஐக் கழியுங்கள்: 12.12. நடுவில் மிக லேசாகப் புடைப்பு விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெல்ட் ஏறி விழும். நிமிடத்துக்கு 45 சுற்றுக்கான புல்லிப் படியையும் இதே கணக்கில் கடைய வேண்டும்.

இன்னொன்று: கடையில் கிடைக்கும் ஸ்டெப்-டவுன் பெரும்பாலும் 110 வோல்ட். ஜப்பான் சாமானுக்கு 100 போதும். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிற கடையில் 230-க்கு 100 என்று சொல்லி, 50 வி.ஏ. அளவில் சுற்றி வாங்குங்கள். டி.சி. மோட்டார் அல்லது குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் பிளேயருக்கு இந்தப் புல்லித் தலைவலி இல்லை, வோல்ட் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

கேள்வி: பழைய எல்.பி.யில் வெள்ளையாகப் பூஞ்சை. சானிடைசர் போட்டுத் துடைக்கலாமா?
- வாசகி, மேலூர்

பதில்: கூடாது. அதில் உள்ள கிளிசரின் பள்ளத்திலேயே தங்கி, ஊசியில் பிசினாகச் சேரும். காய்ச்சி வடித்த நீர் 750 மி.லி., ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 250 மி.லி., பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. மென்மையான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் அழுக்கு உள்ளே இறங்கும். பிறகு வெறும் வடிநீரில் ஒருமுறை. போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புப் படிந்து பொரியும். லேபிள் நனையக்கூடாது. நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். பூஞ்சை பிடித்த உள்ளுறையைத் தூக்கிப் போடுங்கள், அதிலிருந்துதான் திரும்ப வரும்.

தாத்தா காலத்து 78 தட்டுகளில் இந்தக் கலவை படவே கூடாது. அவை அரக்கு, ஆல்கஹால் கரைத்துவிடும்.

மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணில் வைக்காதீர்கள். அக்கினி நட்சத்திரத்தில் அடுக்கிப் படுக்கவைத்த தட்டு கிண்ணமாக வளைந்துவிடும்.

கேள்வி: வீட்டில் பழைய எச்.எம்.வி. ஃபியஸ்டா பிளேயர் இருக்கிறது. அதில் ஜப்பான் எல்.பி. போன்ற அரிய தட்டை ஓட்டலாமா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: அரிய தட்டுக்கு வேண்டாம். அதன் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்திய தலை) அதிக எடையோடு அழுத்தும்; மேலும் கீழும் வளையாத ஊசி ஸ்டீரியோ பள்ளத்தின் சுவரைச் சீவும். காந்த கார்ட்ரிட்ஜ் உள்ள பிளேயரில் அதன் தயாரிப்பாளர் சொன்ன எடையை, பெரும்பாலும் 2 கிராம் அளவில், சின்னத் தராசு வைத்துச் சரிபார்த்து ஓட்டுங்கள். ஆம்பிளிஃபயரில் 'ஃபோனோ' துளை இல்லையென்றால் கார்ட்ரிட்ஜின் மெல்லிய சத்தத்தைப் பெருக்கித் தரும் ஃபோனோ ப்ரீஆம்ப் தனியாக வேண்டும். 'ஆக்ஸ்' துளையில் நேராகச் செருகினால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வரும், அடித்தாளமே கேட்காது.