தன்னார்வலர் போனில் ‘போ’ என்றால் போய்விடலாமா?

கேள்வி: வரப்புத் தகராறில் பங்காளியை அடித்த வழக்கில், மதுரை நீதிமன்றம் என்னைச் சிறைக்கு அனுப்பாமல் இரண்டு ஆண்டு நன்னடத்தையில் விட்டது. என்னைக் கண்காணிப்பவர் ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பிய ஓய்வுபெற்ற ஆசிரியர். அக்கம்பக்கம் பார்க்க வீட்டுக்கு வந்து அதட்டுகிறார். போகலாம் என்று அவரே போனில் சொன்னதால்தான் வேலைக்குத் திருப்பூர் வந்தேன். சம்பளமில்லாத தன்னார்வலருக்கு இத்தனை அதிகாரமா? அவர்மேல் புகார் கொடுக்கலாமா?

பதில்: அவர் அதட்டியதை விடுங்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதிய திருப்பூர்தான் இங்கே வழக்கு.

1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, அரசு அங்கீகரித்த சங்கம் அனுப்புகிறவரும் நன்னடத்தை அலுவலர்தான். 15-ஆம் பிரிவு அவரைப் பொது ஊழியர் என்கிறது. சம்பளம் வாங்காததால் அதிகாரம் குறையாது. ஆனால் அந்த அதிகாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு: நீதிமன்றம் போட்ட நிபந்தனையை அவர் வாய்வார்த்தையில் தளர்த்த முடியாது.

நன்னடத்தைக்காக நீங்கள் நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்த பத்திரத்தில் மதுரையில் குடியிருக்க வேண்டும் என்று இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள். இருந்தால், போனில் கிடைத்த அனுமதிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. நல்ல மனசுள்ள தன்னார்வலர் “போய்ட்டு வாப்பா” என்பார். நன்னடத்தையில் இருப்பவர்களும் அதை நம்பிக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் அவருக்கு உடம்பு முடியாமல் போகும், அல்லது பொறுப்பை விட்டுவிடுவார். அடுத்து வருபவர் கையில் இருப்பது உத்தரவு மட்டும்தான். ஆள் ஊரில் இல்லை என்று அறிக்கை போகும், 9-ஆம் பிரிவில் சம்மனோ வாரண்டோ வரும். முதல் தவறு என்றால் ஐம்பது ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம். அப்படித்தான் விட வேண்டும் என்ற கட்டாயம் நீதிமன்றத்துக்கு இல்லை. அன்று தராமல் நிறுத்திய தண்டனையை இன்று தரலாம். ஜாமீன் போட்டவர் இருந்தால் அவர் பணமும் ஆபத்தில். இப்படி வந்து நிற்கும் கட்சிக்காரர்களிடம் எழுத்தில் ஒரு வரிகூட இருப்பதில்லை. வேதனையாக இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிபந்தனையை மாற்ற 8-ஆம் பிரிவில் மனு வர வேண்டியது நன்னடத்தை அலுவலரிடமிருந்து. யார்மேல் புகார் கொடுக்கத் துடிக்கிறீர்களோ, அவர் கையெழுத்துதான் உங்களுக்கு வேண்டும். ஆகவே சமாதானமாகப் போங்கள். அவர் பணம் கேட்டார், மிரட்டினார் என்றால் கதை வேறு. 13(2)-ஆம் பிரிவின் கீழ் அவருக்குப் பதிலாக வேறு அலுவலரை நியமிக்கும்படி கேட்கலாம். அதட்டினார் என்பதற்காக அந்த வழிக்குப் போக வேண்டாம்.

இந்த வாரமே மதுரைக்குப் போய் அவரை நேரில் பாருங்கள். வேலைக் கடிதம், திருப்பூர் முகவரிச் சான்று இரண்டையும் கொடுத்து மனுப் போடச் சொல்லுங்கள். உத்தரவு வரும்வரை மதுரையிலேயே இருங்கள், வேலை கைவிட்டுப் போனாலும் சரி.